போயா நாளில் அளந்த தூரம்

பல்லேபொல வீட்டிலிருந்து மாத்தளை டவுனுக்கு நாற்பது நிமிடம் என்று வாங்குமுன் என் கணவர் அளந்தது ஒரு போயா நாளில், பௌர்ணமி லீவில். கடை மூடி, ஆபீஸ் மூடி, ரோடு வெறிச்சோடிக் கிடந்த நாளில், ஆட்டோவில் கால் நீட்டி உட்கார்ந்து கடிகாரம் பார்த்தார். நானும் பக்கத்தில் இருந்து தலையாட்டினேன். அன்றைக்கு என் மூளைக்கும் லீவு.

எங்களைச் சொல்லிக் குற்றமில்லை. இரண்டு பேரும் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர்கள். ஒரே அறையாக ஒரு காம்பரா, முன்னால் திண்ணை மாதிரி ஒரு இஸ்தோப்பு, அதற்குள் நாங்கள் ஏழு பேர். அவர் வீட்டில் எட்டு. அப்படி வளர்ந்தவர்களுக்கு நாலு அறை வீட்டைக் காட்டினால் புத்தி எங்கே நிற்கும்?

அதே விலைக்கு டவுனிலும் ஒரு வீடு பார்த்திருந்தோம். இரண்டே அறை. பக்கத்து வீட்டுக்காரர் காறித் துப்பினால் எங்கள் குசினியில் அடுப்பு வரை கேட்கும். ஆனால் என் ஆபீசுக்குப் பத்து நிமிடத்தில் நடந்து போகலாம்.

"பல்லேபொலயில முப்பது பேர்ச் காணி, மிளகுக் கொடி, பலா மரம். டவுன்ல என்னா இருக்கு? அடுத்தவன் இருமல்தான் இருக்கு" என்றார் என் கணவர்.

அவருக்கென்ன, ஊர் ஊராகப் போய் மிளகும் கராம்பும் வாங்குகிற வியாபாரம். எத்தனை மணிக்குப் போனாலும் மிளகு கோபித்துக்கொள்ளாது. எனக்கு அப்படியா? எட்டே முக்காலுக்கு எங்கள் பிரதான இலிகிதர், ஹெட் கிளார்க், வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு இழுத்துவிடுவார். அதற்குக் கீழே கையெழுத்து வைத்தால் பிந்தி வந்தவள். நானோ வேலை நிரந்தரமாகும் கடிதத்துக்காகக் காத்திருந்தவள்.

குடிபோன முதல் திங்கட்கிழமையே எனக்குப் புரிந்துவிட்டது. பஸ் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு வந்தது. கதவில் தொங்கியவர்களுக்கு நடுவே நுழைந்தேன். "இஸ்ஸரஹாட்ட யன்ன" என்று கண்டக்டர் முன்னால் தள்ளினார். முன்னால் ஏது இடம்? யாரோ ஒரு டீச்சரின் சோற்றுப் பெட்டி என் விலாவில் குத்தியது. சந்திக்குச் சந்தி நின்று நாற்பது நிமிடம் ஒன்றரை மணித்தியாலமானது. கோட்டுக்குக் கீழே நான். மறுநாள் முந்திய பஸ்ஸுக்கு ஓடினேன். அது மழை பெய்தால் வராத பஸ் என்று மழை பெய்த அன்றுதான் தெரிந்தது. மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடச் சொல்லலாம்தான். ஆனால் அவர் போவது எதிர்ப்பக்கம், நாலு வயது மகளை நர்சரியில் விடுவதும் அவர்தான்.

அந்த மாதம் நாலு தடவை கோட்டுக்குக் கீழே. பிரதான இலிகிதர் சிங்களத்து அம்மா, நல்ல மனுஷி. என்னைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவ கீழ சைன் பண்ணுனா ஒங்க கடிதத்துக்கு நான் சிபாரிசு எழுத மாட்டேன், மிஸ்" என்றார். பஸ்ஸில் வீடு வரும்வரை அழுதேன். நெரிசலில் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கவும் வழியில்லை.

வீட்டுக்கு வந்து அறை அறையாகப் பார்த்தேன். மகளுக்கென்று ரோஸ் நிற பெயிண்ட் அடித்த அறையில் மிளகுச் சாக்கு. அடுத்ததிலும் மிளகு. அதற்கடுத்ததில் கராம்பு. நாங்கள் மூன்று பேரும் படுத்தது ஒரே அறையில். மகளுக்குத் தனியே படுக்கப் பயம் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தோம். பயம் எங்களுக்குத்தான். பக்கத்தில் நாலு பேர் மூச்சு விடும் சத்தம் இல்லாமல் எங்களுக்குத் தூக்கம் பிடிப்பதில்லை.

"ஒங்க மிளகுக்குத் தனி ரூம் இருக்கு. எனக்கு வேலை இருக்குமான்னு தெரியல" என்றேன்.

அடுத்த வாரம் டவுனில், நாங்கள் வேண்டாம் என்ற அதே சந்தில், மூன்று பேருக்கும் வாடகைக்கு இடம் பிடித்தார். ஒரு அறை, ஒரு குசினி. பக்கத்து வீட்டுக்காரர் இப்போதும் காறித் துப்புகிறார். நான் கோட்டுக்கு மேலே கையெழுத்து வைக்கிறேன். கடிதமும் வந்தது.

போயாவுக்குப் போயா பல்லேபொல வீட்டைப் பார்க்கப் போகிறோம். போன தடவை ஆட்டோவை விட்டு இறங்கியதும் கடிகாரத்தை நீட்டி, "பாத்தியா, நாப்பது நிமிஷந்தான்" என்றார். அன்று பகல் சாப்பிட்டுவிட்டு, மூன்று அறையில் மிளகும் கராம்பும் கிடக்க, நாலாவது அறையில் பாயை விரித்து மூன்று பேரும் நெருக்கிப் படுத்தோம்.