நாலு நிமிஷக்காரி

"மிஷின் கத்தினாலும் சரி, மிஷினை வாங்கினவன் கத்தினாலும் சரி, எனக்கு நாலு நிமிஷம் போதும்." துணி துவைக்கும் இயந்திரக் கம்பெனியின் தொலைபேசிப் புகார்ப் பிரிவில் சேர்ந்த மூன்றாம் மாதமே அவள் அடித்த சவடால் இது. சும்மா சொல்லக்கூடாது, காப்பாற்றியும் வந்தாள். 'நாலு நிமிஷம்' என்று பட்டம் சூட்டி, அவள் புகைப்படத்தைச் சுவரில் மாட்டிக் கம்பெனி கௌரவித்தது. சம்பளத்தைக் கூட்டுவதைவிட ஆணி அடிப்பது சுலபம்.

அந்தச் சிரித்த முகத்துக்குக் கீழே உட்கார்ந்துதான், இருபத்துமூன்று வயதில், உயிரோடு இருப்பது எதற்கு என்று அவள் யோசிக்கத் தொடங்கினாள். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. தூக்கம் போயிற்று, பசி போயிற்று, அக்காவோடு சண்டை போடும் ஆசையும் போயிற்று. பக்கத்து நாற்காலித் தோழியிடம், "நான் இல்லாமப் போயிட்டா என் ஹெட்செட்டை நீ எடுத்துக்கடி" என்று சொல்லிப் பார்த்தாள். அதில் ஒரு காது கேட்காது, வேண்டாம் என்றாள் தோழி. நல்ல நகைச்சுவை, இருவரும் சிரித்தார்கள்.

ஊரார் குறையெல்லாம் கேட்கிறவளுக்குத் தன் குறையை எங்கே பதிவு செய்வது என்று தெரியவில்லை. செல்போனில் தேடி ஓர் உதவி எண்ணைக் கண்டுபிடித்தாள். இரண்டு முறை அழைத்து, மணி அடித்ததுமே துண்டித்தாள். மூன்றாம் முறை, மதிய இடைவேளையில், மாடிப்படியில் உட்கார்ந்து அழைத்தாள். மறுமுனையில் ஒரு பெண் எடுத்ததுதான் தாமதம், பழக்கதோஷம் முந்திக்கொண்டது.

"வணக்கம், உங்களுக்கு நான் எப்படி உதவலாம்?"

"அதை நான் கேக்கணும்மா" என்றது அந்தக் குரல், சிரிக்காமல்.

இவளுக்குத்தான் சிரிப்பு வந்தது. பாதியில் அது அழுகையாயிற்று. இடையில் பாட்டு எதுவும் போடாமல் அந்தப் பெண் காத்திருந்தாள். பிறகு சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"செத்துடணும்னு தோணுதா?"

"ஆமா."

இந்த ஒரு சொல்லைச் சொல்ல அவளுக்கு ஐந்து மாதம் ஆகியிருந்தது. அந்தப் பெண் பதறவில்லை, புத்திமதியும் சொல்லவில்லை. இப்போது பக்கத்தில் வந்து இருக்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். அழைப்பைத் துண்டிக்காமலே, தையல் கடையிலிருந்த அக்காவுக்குச் செய்தி அனுப்பினாள். கழுத்தில் அளவு நாடாவோடு ஓடிவந்த அக்கா, என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல், அதே படியில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இடைவேளை முடிந்து அரை மணி ஆகிவிட்டது. கதவைத் திறந்த மேற்பார்வையாளர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சத்தமில்லாமல் மூடிக்கொண்டு போனார்.

"நேரமாச்சாம்மா? வெச்சிடணுமா?" என்றது குரல்.

"இல்ல," என்றாள். "இன்னும் சொல்லணும்."