கோரிப்பாளையத்தில் எனக்குக் கிடைத்த வழி

சிக்னலில் நிற்காமல் போக ஆம்புலன்சுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் சட்டத்தில் இடமுண்டு. டாக்டரின் காருக்குக் கிடையாது. அது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் முன்கண்ணாடியில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு, ஏதோ எனக்கென்று தனி ரோடு போட்டிருப்பது போலத்தான் மதுரைக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

நான் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். சொந்தமாக ஆஸ்பத்திரி கிடையாது. எங்கே ஆபரேஷனோ அங்கிருந்து போன் வரும், கோச்சடை வீட்டிலிருந்து ஓடுவேன். போன் வந்தாலே நோயாளியை மேசையில் படுக்க வைத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும். அதனால் வழியில் நிற்கிற எல்லோருமே எனக்கு இடைஞ்சல்தான்.

அன்று ஒத்தக்கடைப் பக்கத்து நர்சிங் ஹோமிலிருந்து பிரசவ டாக்டர் அழைத்தார். நிறைமாதப் பெண், திடீரென்று ரத்தப்போக்கு, குழந்தையை உடனே எடுக்க வேண்டும் என்றார். பள்ளிக்கூடம் விடும் நேரம். கோரிப்பாளையத்தில் சிவப்பு விழுந்துவிட்டது. கண்ணாடியை இறக்கி, போலீஸ்காரரிடம் ஸ்டிக்கரைக் காட்டி எமர்ஜென்சி என்றேன். நல்ல மனிதர், மறுபேச்சு இல்லை. செல்லூர்ப் பக்கமிருந்து பச்சையில் வந்துகொண்டிருந்த வண்டிகளைக் கைநீட்டி மறித்தார். எனக்கு முன்னால் நின்ற பஸ்சையும் பைக்குகளையும் ஒதுக்குவதற்குள் பாதிச் சாலை அடைத்துக்கொண்டது. மறிக்கப்பட்ட வரிசையில் ஒரு ஆட்டோ விடாமல் ஹாரன் அடித்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு டாக்டருக்கு வழிவிட மனசில்லாத ஊர் என்று திட்டிக்கொண்டே கடந்தேன். பின்னால் என்ன ஆனது என்று திரும்பிப் பார்க்கவில்லை.

போனதும் மருந்துகளை ஊசிகளில் ஏற்றி வைத்தேன். மேசை காலியாக இருந்தது. பெண் எங்கே என்று கேட்டேன். செல்லூரிலிருந்து வந்துகொண்டிருக்கிறார்கள், அவர்கள் போன் செய்த கையோடு உங்களையும் கூப்பிட்டுவிட்டேன் என்றார் பிரசவ டாக்டர். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

கடைசியில் ஆட்டோவிலிருந்து அவளைக் கணவன் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். ஏன் இவ்வளவு தாமதம் என்று நர்ஸ் அதட்டினாள். ஏதோ டாக்டர் காருக்காகக் கோரிப்பாளையத்தில் மறித்துவிட்டார்கள், அப்புறம் வண்டி நகரவே இல்லை என்று அழுதான். போலீஸ்காரரிடம் ஸ்டிக்கரைக் காட்டிய கையில் இப்போது ஊசி இருந்தது. அந்தக் கையால்தான் அவளுக்கு மயக்க மருந்து கொடுத்தேன்.

தாய் பிழைத்தாள். குழந்தை அழவில்லை. குழந்தை டாக்டர் அதன் முகத்தில் மாஸ்க் வைத்து, காற்றுப்பையை அழுத்தி அழுத்தி, நெடுநேரம் கழித்து ஒரு முனகல் வந்தது. மூளைக்கு எந்த அளவு பாதிப்பு என்பது வளர வளரத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்சில் கூடவே போனார்.

நான் வெளியே வந்தபோது கணவன் எழுந்து கும்பிட்டான். விசைத்தறி ஓட்டுகிறவன், சட்டையெல்லாம் ரத்தம்.

"எங்களுக்கு முன்னாடியே வந்து காத்துக்கிட்டு இருந்தீகளாமே மேடம், நர்சம்மா சொன்னாக. நீங்க நல்லா இருக்கணும். வர்ற வழியில அந்தக் கார் டாக்டர வாய்க்கு வந்தபடி வஞ்சுபுட்டேன். பாவம், அவுகளும் எங்கிட்டோ ஒரு உசுரக் காப்பாத்தத்தானே போயிருப்பாக. அந்த உசுராவது நல்லா இருக்கணும்."

அந்தக் காரில் போனது நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நல்லா இருக்கும் என்று சொன்னேன்.