கண்ணை மூடினால் ஜெபம்

என் மனைவி புஷ்பம் முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். ரிட்டயர் ஆனதும் கவலைப்படுவதையே முழுநேர வேலையாக்கிக்கொண்டாள். மகன் ஜெஃப்ரி இரும்புலியூரிலிருந்து பைக்கில் கிளம்பி நாவலூர் ஆபீஸ் போய்ச் சேரும்வரை அவளுக்குக் காபி இறங்காது. பிரஷர் ஏறியதும் டாக்டர், "தினமும் பத்து நிமிஷம் கண்ணை மூடி, மூச்சை மட்டும் கவனிங்கம்மா" என்றார்.

அங்கேதான் வந்தது வினை. எங்கள் வீட்டில் கண்ணை மூடினால் ஜெபம். மூன்றாவது மூச்சிலேயே, "ஆண்டவரே, மேடவாக்கம் டிராபிக்கில் பிள்ளையைக் காத்துக்கொள்ளும்" என்று ஆரம்பித்துவிடுவாள். அப்புறம் மருமகளின் தைராய்டு, என் முழங்கால். முடிக்கும்போது முன்னைவிடப் படபடப்பாக இருப்பாள்.

"கண்ணைத் திறந்துகிட்டே செய்யேன்!" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

மறுநாளிலிருந்து செம்பருத்திச் செடியைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். கவலை வந்தால், வந்திருக்கிறது என்று கவனித்துவிட்டு மூச்சுக்குத் திரும்பினாள். ஒரு மாதம் விடவில்லை.

நேற்றுக் காலை குடும்ப ஜெபம். வழக்கமாக இருபது நிமிஷம்; என் முழங்கால் கெஞ்சும். "ஆண்டவரே" என்றாள். பிறகு சத்தமே இல்லை. ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். முகம் தெளிந்திருந்தது. "ஆமென்" என்றாள்.

எனக்குப் பதறிவிட்டது. "ஜெஃப்ரியைச் சொல்லாம விட்டுட்டியே?"

"ஆண்டவருக்குத் தெரியாதாங்க?" என்று சிரித்துவிட்டுக் காபி போடப் போனாள்.

நான் மறுபடியும் கண்ணை மூடி, அந்தப் பைக்கை மட்டும் சொல்லிவைத்தேன்.