பேட்டரி மடியில்தான் வரும்

பயண நாளில் அவர் கைப்பையின் ஜிப்பைப் போடுவதே இல்லை. வீட்டு வாசலில் காரில் ஏறும்போதே பை வாயைத் திறந்துகொண்டுதான் தோளில் தொங்கும். பத்துப் பன்னிரண்டு வருடமாக இதே வழக்கம். "எப்படியும் ஏர்போர்ட் செக்கிங்ல திறக்கச் சொல்லுவாங்க. மூடுறது ஒரு வேலை, திறக்கிறது ஒரு வேலை. ரெண்டும் மிச்சம்" என்பார். சீப்பு, மூக்குக்கண்ணாடி, பிஸ்கட் பொட்டலம், ஊசிப்பெட்டி, மஞ்சள் நிற அளவு நாடா எல்லாம் ஊரறிய வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

தையல் மெஷின் விற்கும் கம்பெனி ஒன்றில் அவர் பயிற்சியாளர். புது மெஷின் எந்த ஊர்த் தொழிற்சாலைக்குப் போகிறதோ, அதன் பின்னாலேயே இவரும் போவார். மாதம் ஒரு விமானம் நிச்சயம். தொழிற்சாலைப் பெண்கள் அவரை டீச்சரம்மா என்பார்கள். ஆனால் பலகையில் எழுதிப்போடும் டீச்சர் இல்லை. பொத்தான் துளை போடும் காஜா மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் கைமேல் தன் கையை வைத்து, துணியோடு சேர்த்து மெல்ல நகர்த்துவார். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்பார். "இப்ப ஊசி முனகுது, கேக்குதா? நூலு இறுக்கமா இருக்கு. கொஞ்சம் விடு... இன்னும்... ஆங், இப்பப் பாரு, சமாதானமாயிடுச்சு."

அவர் போவது வருவது எல்லாம் சக்கர நாற்காலியில். மோட்டார் வைத்தது. வலது கைப்பிடியில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு குமிழ், அதை விரலால் தள்ளினால் ஓடும். காலுக்கு என்ன ஆயிற்று என்று முன்பின் தெரியாதவர்கள் கேட்டால் ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார். பேருந்து நிலையத்தில் கேட்டவரிடம் "பாராசூட் திறக்கல" என்றார். விமான நிலையத்தில் யாராவது கேட்டால், "போன தடவ செக்கிங்ல வாங்கி வெச்சாங்க, இன்னும் திருப்பித் தரல." கேட்டவர் சிரிப்பதா வேண்டாமா என்று விழிப்பதைப் பார்ப்பதில் அவருக்குத் தனி ருசி.

விமானத்தில் எதைக் கொண்டுபோகலாம், எதைக் கூடாது என்கிற விதி மாறி மாறி வந்த கதையை அவர் தன் பையை வைத்தே சொல்லிவிடுவார். முதலில் கத்தரிக்கோல் போயிற்று. பிறகு சின்னக் கத்தரிக்கோல் போகலாம் என்றார்கள். இவர் ஆசையாக வாங்கியது அவர்கள் சொன்ன சின்னதைவிட ஒரு நகக்கண் பெரிது, அதுவும் போயிற்று. மெஷினுக்குப் போடும் எண்ணெய்க் குப்பி, தண்ணீர் பாட்டில், கைக்குப் பூசும் களிம்பு. ஒரு வருடம் செருப்பைக்கூடக் கழற்றச் சொன்னார்கள். "அடியத் திருப்பிப் பாருங்க சார். வாங்கி ஆறு வருஷம், கடையில இருந்த மாதிரியே இருக்கும்" என்று கழற்றிக் கொடுத்தார். இதற்கெல்லாம் அவர் மல்லுக்கு நிற்கவில்லை. "போகட்டும்" என்று கையை உதறிவிட்டு வந்துவிடுவார்.

பேட்டரி விஷயத்தில் மட்டும் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வரவில்லை. பேட்டரி இல்லாவிட்டால் நாற்காலி வெறும் இரும்பு. இறங்கும் ஊரில் யாராவது தள்ள வேண்டும். தள்ளுகிறவர் எங்கே விட்டுவிட்டுப் போகிறாரோ அங்கேயே இருக்க வேண்டும். ஒரு முறை அப்படி ஒரு தூணைப் பார்த்தபடி முக்கால் மணி நேரம் நிறுத்திவைக்கப்பட்டார். தூணில் இருந்த விரிசல்கள் பதினேழு என்று இன்றைக்கும் சொல்வார்.

ஆரம்பத்தில் பேட்டரி நாற்காலிக்குள்ளேயே இருக்கலாம், நாற்காலியோடு சாமான் அறைக்குப் போகலாம் என்றிருந்தது. திடீரென்று ஒருநாள் அதைக் கழற்றிப் பயணி தன் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். சரி என்று அவர் ஸ்பேனர் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டார். சோதனை மேடையில் ஸ்பேனரைப் பறித்து ஒரு தொட்டியில் போட்டுவிட்டார்கள். கருவி எதுவும் உள்ளே போகக் கூடாதாம். விமானத்தின் கதவுக்குப் போனால், பேட்டரியைக் கழற்றுங்கள் என்றார்கள். "எதால கழட்டுறது, பல்லாலயா?" என்று கேட்டார்.  கீழே விமானத்தைப் பழுது பார்ப்பவர்களிடம் ஸ்பேனர் இருந்தது, ஆனால் நாற்காலியைத் தொட அவர்களுக்கு உத்தரவு இல்லை. விமானம் அவரை விட்டுவிட்டுப் போயிற்று. போக வேண்டிய ஊரில் இருபத்திரண்டு பெண்கள் புது மெஷினுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அவருடைய அண்ணன் இருசக்கர வண்டி மெக்கானிக். பேச்சைவிடக் கைதான் வேகம். அன்று சாயங்காலமே பேட்டரிப் பெட்டியின் நான்கு நட்டையும் கழற்றி எறிந்துவிட்டு, விரலால் திருகக்கூடிய காது வைத்த நட்டுகளைப் போட்டுக் கொடுத்தார். "இனிமே உன் வெரலுதான் ஸ்பேனர். வெரலக் கழட்டி அந்தத் தொட்டியில போடச் சொல்லட்டும், பாத்துக்கலாம்."

கம்பெனி மேலாளர் வேறு வழி சொன்னார். "எதுக்கு மேடம் இவ்வளவு அலைச்சல்? ஆபீஸ்லயே இருந்து வீடியோல சொல்லிக் குடுங்களேன். இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா எனக்கும் வேற வழியில்ல, வெளியூருக்கு வேற ஆளத்தான் போடணும்."

"துணியத் தொடாம, சத்தத்தக் கேக்காம என்னத்தச் சார் சொல்லிக் குடுக்குறது? செய்தி வாசிக்கிற மாதிரி வாசிச்சுட்டுப் போகவா?" என்று கேட்டுவிட்டு வந்தார். வந்தாரே தவிர, அந்த 'இன்னொரு தடவ' அவரை அரித்துக்கொண்டேதான் இருந்தது.

அந்த இன்னொரு தடவை போன மாதம் வந்தது. விமானத்துக்குப் போகும் குறுகலான நடைபாலத்தில், எல்லோருக்கும் முதலாக இவரை ஏற்றுவதற்காகக் கொண்டுவந்திருந்தார்கள். பேட்டரியைக் கழற்றி, முனைகளில் டேப் ஒட்டி, மடியில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். சீருடை போட்ட அலுவலர், தம்பி வயதுதான் இருக்கும், குனிந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"மேடம், இதுல சக்தி எவ்வளவுன்னு எழுதியிருக்கணும். எழுத்தே தெரியலயே. இத இங்கயே விட்டுட்டுப் போங்க."

"போன மாசம் இதையேதான கொண்டு போனேன்?"

"போன வாரம் ரூல் மாறிடுச்சு மேடம்."

இவர் பேட்டரியைத் திருப்பிக் காட்டினார். அதன் கறுப்பு நெற்றியில் ஒருகாலத்தில் வெள்ளை எழுத்து இருந்த இடம் வழவழவென்று மின்னிக்கொண்டிருந்தது. "தம்பி, இது வாங்கும்போது கொட்ட எழுத்துல எழுதியிருந்துச்சு. மாசாமாசம் நீங்க கழட்டச் சொல்லி, மடியில வெச்சுக்கச் சொல்லி, என் சேலையில தேஞ்சு போன எழுத்து இது. நாற்காலிக்குள்ளயே இருந்திருந்தா இன்னிக்கும் பளிச்சுனு இருந்திருக்கும். உங்க ரூலு அழிச்சத உங்க ரூலே கேட்டா நான் எங்க போறது?"

அலுவலருக்கு அது புரிந்தது என்று முகம் சொன்னது. ஆனாலும், "நான் ஒண்ணும் பண்ண முடியாது மேடம்" என்றார்.

"நானும் ஒண்ணும் பண்ண முடியாது." நாற்காலியின் இரண்டு பிரேக்கையும் போட்டார். நடைபாலத்தில் பாதியை நாற்காலி அடைத்துக்கொண்டது, மீதியைக் கைப்பை. "தயாரிச்ச கம்பெனி குடுத்த கடிதம் இருக்கு. அதுல சக்தி எவ்வளவுன்னு போட்டிருக்கு, இந்த பேட்டரியோட நம்பரும் போட்டிருக்கு. நம்பர் பேட்டரி அடியில வெட்டி வெச்சது, தேயாது. பெரியவங்க யார்கிட்டயாவது கேளுங்க. இது வராம நான் வர மாட்டேன்."

அலுவலர் போனை எடுத்தார். பின்னால் வரிசை நீண்டது. யாரோ ஒருவர், "ஒருத்தரால எத்தன பேருக்கு லேட்டு" என்று முனகினார்.

இவர் கழுத்தைத் திருப்பினார். "ஆமாங்க, ஒருத்தராலதான். அதோ போன்ல பேசிட்டிருக்காரே, அவரு." நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். முனகியவர் டிக்கெட்டை உற்றுப் பார்க்கத் தொடங்கினார்.

பார்ப்பவர்களுக்கு இவர் பாறை மாதிரி இருந்தார். கண் மட்டும் அடிக்கடி விமானத்தின் கதவு வரை போய்ப் போய் வந்தது. இன்றைக்கு விமானம் போய்விட்டால் மேலாளரின் மேசைக்கு எதிரே ஒரு கேமரா, வாழ்நாள் முழுக்க.

கடைசியில் போனுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நம்பரைச் சரிபார்த்து, ஒத்துப்போனால் ஏற்றிவிடச் சொன்னார். அலுவலர் முழங்காலிட்டு, போன் வெளிச்சத்தைப் பேட்டரியின் அடியில் அடித்தார். கடிதத்தை ஒரு கையில் விரித்துக்கொண்டு அவர் தடுமாறுவதைப் பார்த்து, இவர் கடிதத்தையும் பார்க்காமல், பேட்டரியையும் பார்க்காமல், பதினோரு எண்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி. ஒவ்வொரு எண்ணுக்கும் அலுவலர் தலையசைத்தார். பதினோராவதற்கு எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, பேட்டரியை உள்ளே தூக்கிக்கொண்டு வரக் கையை நீட்டினார்.

"வேணாம் தம்பி. இது என் மடியிலதான் வரும்."

போய்ச் சேர்ந்தார். அங்கே புதிதாக வந்த மெஷின் முதல் நாளே நூலை அறுத்துத் தள்ளிக்கொண்டிருந்தது. இவர் காதை வைத்துக் கேட்டு, மத்தியானத்துக்குள் அதை வழிக்குக் கொண்டுவந்தார். மேலாளர் மறுபடி வீடியோ என்று பேச்செடுக்கவில்லை. இனி எடுக்கமாட்டார் என்று சொல்வதற்கும் இல்லை.

வருகிற மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து பேட்டரி விதி மறுபடியும் மாறுகிறதாம். என்ன மாற்றம் என்று போன் போட்டுக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். "ஒரு பத்து நாள் கழிச்சுப் போயேன். அதுக்குள்ள அவங்களுக்கே புரிஞ்சிடும்" என்றார் அண்ணன்.

"ரூல் போட்டவங்க அத யார்கிட்டயாவது போட்டுப் பாக்கணும்ல அண்ணே? என்கிட்டயே பாக்கட்டும்."

இரண்டாம் தேதி காலை விமானத்துக்கு டிக்கெட் போட்டாயிற்று.