பச்சை வயர்

இது நடந்தது. நடந்த வீடு சூளகிரியில் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. எலக்ட்ரீசியன் முனிலட்சுமி வேலைக்குப் போன இடத்திலெல்லாம் நோட்டில் நேரம் குறித்து வைக்கிறவள். எத்தனை தடவை கேட்டாலும் அதே நிமிடங்களைத்தான் சொல்கிறாள்.

போன நவம்பர். பதினோரு நாளாக வெயில் இல்லை. அந்த வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள் அப்பாஸும் அவன் மனைவி ஜைபாவும். அப்பாஸ் கம்பெனிக்குப் போய்விட்டான். ஜைபாவுக்குக் கைக்குழந்தை, துணி எதுவும் காயவில்லை. ஊருக்குத் திரும்பிய ஒரு சூப்பர்வைசரிடம் பழைய டிரையர் ஒன்றை வாங்கி, பின்பக்கம் துவைக்கிற இடத்தில் வைத்திருந்தார்கள். அதற்கு லைன் கொடுக்கத்தான் முனிலட்சுமி வந்தாள். மதியம் 2.10.

அங்கே ஒரு பிளக் ஏற்கெனவே இருந்தது. டெஸ்ட் விளக்கை வைத்துப் பார்த்தாள். பேஸ் இருந்தது, நியூட்ரல் இருந்தது; கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்குகிற பச்சை வயர், எர்த், இல்லை. இரும்பு மெஷின், ஈரத் தரை, ஈரக் கை. உள்ளே ஒரு வயர் உரசினால் போதும், தொட்டவர் பிழைக்க மாட்டார். வீட்டுக்காரர் கமலக்கண்ணனுக்கு போன் போட்டாள்.

“அதே பிளக்குல சொருகிட்டுப் போம்மா. பச்சை வயர் இல்லாட்டி மெஷின் ஓடாதா?”

“ஓடும் சார். அதான் பிரச்சினை.”

“நீ என்னா பெரிய இஞ்சினியரா?”

“இல்ல சார். அதனாலதான் ஒழுங்கா செய்யறேன்.”

போனை வைத்துவிட்டு மெயினை அணைத்தாள். ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். யாரும் தெரியாமல் போட்டுவிடக் கூடாது என்று அவள் எப்போதும் செய்வதுதான். முன்னறை போர்டிலிருந்து பின்பக்கம் வரை சுவருக்குள் ஒரு காலி பைப் ஓடியது. பின்பக்கமிருந்து அதில் வயர் இழுக்கிற ஸ்பிரிங்கை விட்டு, போர்டுப் பக்கம் வந்த முனையில் சிவப்பு, கறுப்பு, பச்சை மூன்று வயரையும் கட்டினாள். இனி அந்தப் பக்கம் ஒருவர் இழுக்க வேண்டும்.

“நான் இழுக்கறேன்கா,” என்று ஜைபா பின்பக்கம் போனாள்.

“இழும்மா!”

வயர் ஓடியது. ஒரே சீராக, பழகிய கை இழுப்பது மாதிரி. முனிலட்சுமிக்கே ஆச்சரியம். பிறகு சட்டென்று நின்றது. 2.47.

வாசல் கதவு திறந்தது. குழந்தையோடு ஜைபா உள்ளே வந்தாள்.

“இவன் அழுதான்கா, பின்வழியா பக்கத்து வீட்டுக்குப் போயிட்டேன். இப்ப இழுக்கலாமா?”

முனிலட்சுமி பின்பக்கம் போய்ப் பார்த்தாள். யாருமில்லை. சிவப்பும் கறுப்பும் ஒரு கை நீளம் வெளியே வந்திருந்தன. பச்சை வரவில்லை.

போர்டுப் பக்கமிருந்து பச்சையை உருவினாள். முனை வெட்டப்பட்டிருந்தது. பிளையரில் வெட்டியது மாதிரி, சுத்தமாக. ஓர் உள்ளங்கை நீளம் குறைந்திருந்தது.

ஸ்பிரிங்கை மறுபடி விட்டு மூன்றையும் கட்டினாள். இந்தத் தடவை ஜைபா முன்னால் வயரை விட்டுக்கொடுக்க, அவளே பின்பக்கம் நின்று இழுத்தாள்.

பச்சை முனை வெளியே எட்டிப் பார்த்தது. பிடித்தாள்.

உள்ளிருந்து... யாரோ பிடித்தார்கள்.

“ஜைபா, விடும்மா!”

“நான் கையில பிடிக்கவே இல்லக்கா!”

வயர் உள்ளே போனது. மெதுவாக. அவள் கை சுவரை முட்டியது. விரல் கிழிந்தது.

டக்... டக்... பைப்புக்குள் சத்தம்.

3.05.

விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். அவள் போனால் சாயங்காலமே அந்தப் பழைய பிளக்கில் மெஷினைச் சொருகிவிடுவார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜைபா அதைத் தொடுவாள்.

“பைப்பு உன்னுதுன்னா வெச்சிக்கோ,” என்றாள் சுவரைப் பார்த்து. “நான் வெளியில போறேன்.”

மூன்று வயரையும் உருவி எறிந்தாள். புதுச் சுருளை எடுத்தாள். சுவருக்கு மேலேயே பட்டை பைப் அடித்து, எல்லோர் கண்ணுக்கும் தெரிய, முதலில் பச்சையை ஓட்டினாள்.

ஆணி அடித்தாள். டக்.

சுவருக்குள்ளிருந்தும்... டக்.

அடுத்த ஆணி. அங்கேயும் டக்.

கூடவே வந்தது.

“தட்டிகினே இரு. முடிச்சிட்டுத்தான் போவேன்.”

ஆணி வளைந்தது. இன்னொன்று எடுத்தாள்.

4.32. தனி பிரேக்கர், தனி லைன், கசிவு வந்தால் தானே விழுகிற சுவிட்ச். ஃபியூஸைப் போட்டு டெஸ்ட் விளக்கை பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்தாள். சட்டென்று எரிந்தது, டப்பென்று சுவிட்ச் விழுந்தது. அப்படித்தான் விழ வேண்டும். திரும்பத் தூக்கிவிட்டாள். சுவர் அடங்கிவிட்டது. மெஷினின் சூட்டுக் காற்றுக் குழாயை ஜன்னலுக்கு வெளியே விட்டாள். 5.40க்குக் குழந்தைத் துணிகள் வெதுவெதுப்பாக வெளியே வந்தன.

பிப்ரவரியில் தண்ணீர் ஒழுகி அந்தச் சுவரை உடைத்தார்கள். விஷயம் கேள்விப்பட்டு முனிலட்சுமியும் போய் நின்றாள். எலக்ட்ரிக் பைப்பின் நட்டநடுவில், எந்தக் கையும் எட்டாத இடத்தில், வரிசையாக அடுக்கிவைத்த பச்சைத் துண்டுகள். ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளம். நான்கு. புதுசு ஒன்று, அவளுடையது. மற்ற மூன்றும் பழசு.

“சார், இந்த வீட்ல கரண்ட் அடிச்சு எத்தினி பேர் செத்தாங்க?”

கமலக்கண்ணன் குரலைத் தாழ்த்தினார். “ரெண்டு பேர்மா. வெளியில சொல்லிடாத.”

“துண்டுக்கு ஒரு ஆள்னா, பழசு மூணு இருக்குதே சார்?”

அவர் கொத்தனாரைப் பார்த்துச் சீக்கிரம் பூசச் சொன்னார்.

முனிலட்சுமி எல்லோரிடமும் சொல்கிறாள். ஜைபா குடும்பம் வேறு வீடு பார்த்துக்கொண்டது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை 9.00 மணிக்கு முனிலட்சுமி கமலக்கண்ணனுக்கு போன் போடுகிறாள். அந்த மூன்றாவது ஆளின் பெயர் மட்டும் கேட்கிறாள்.

அவர் இன்னும் சொல்லவில்லை.