இன்சுலின் வேணாமா, தங்கச்சி?

ஈப்போ மருந்துக்கடை ஒன்றில் நான் கிராணி, சரக்குக் கணக்கு எழுதுபவள். கோலாலம்பூர் கிடங்குக்குப் போன் செய்துதான் சரக்குக் கேட்போம். எல்லாம் சொல்லி முடித்ததும் அங்குள்ள அண்ணன், "இன்சுலின் வேணாமா, தங்கச்சி?" என்பார். அவர் கேட்பார் என்றே நான் அதைச் சொல்வதில்லை.

பிறகு கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. தட்டினால் டெலிபோன் கம்பி வழியாகவே ஆர்டர் போய்விடும். பழக்கத்தில் இன்சுலினை விட்டுவிட்டேன். கம்ப்யூட்டர் எதுவும் கேட்கவில்லை.

பத்து காஜா என்ற ஊரின் தோட்டத்து அக்கா ஒருவர் மகனுக்கு இன்சுலின் வாங்க வந்தார். குளிர்பெட்டியில் இல்லை. "வீட்டுல இருந்தது நேத்தே முடிஞ்சிருச்சு தங்கச்சி," என்றார். அவர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பையன் பிழைத்தான் என்று பிறகு தெரிந்தது.

இப்போது பொத்தானை அழுத்துமுன், "இன்சுலின் வேணாமா, தங்கச்சி?" என்று என்னையே வாய்விட்டுக் கேட்டுக்கொள்கிறேன். கிடங்கில் அந்த அண்ணனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.