பால் கா பூத்

பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்கா கதவைத் தட்டி, ஒரே மூச்சில் இந்தியில் ஏதோ சொன்னாள். எனக்கு அகப்பட்டவை நான்கு சொற்கள். சனிக்கிழமை, பார்ட்டி, ஹலோவின், பூத். கடைசியில் என் மகளைக் காட்டி, "பேட்டி கோ பூத் பனாகே பேஜோ" என்றாள். 'பனானா' என்றால் செய்வது என்று அதற்குள் கற்றிருந்தேன். ஆக, பிள்ளையைப் பூத் மாதிரி செய்து அனுப்ப வேண்டும். மாறுவேடப் போட்டி. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

"நான் போறேம்மா" என்றாள் மகள். அவள் வாயிலிருந்து அது வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கோவில்பட்டியிலிருந்து கடல் தாண்டி இந்தத் தீவுக்கு, ஜங்லிகாட் வந்த புதிதில் ஒரு நாள் கீழே விளையாடப் போனவள், இந்தியில் எதையோ தப்பாகச் சொல்லிவிட, மொத்தப் பிள்ளைகளும் சிரித்துவிட்டார்கள். அதோடு சரி. மாலையானால் பால்கனிக் கம்பியில் நெற்றியை வைத்து வேடிக்கை பார்ப்பாள், இறங்கமாட்டாள். வீட்டில் வாய் ஓயாத பிள்ளை, வாசல்படி தாண்டினால் ஊமை. ஆறு வயதில் ஒரு பிள்ளை தனியாக நிற்பதைப் பார்ப்பது பெரிய கொடுமை. இந்தப் பார்ட்டியில் எப்படியாவது அவளுக்கு ஒரு கூட்டு கிடைத்துவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

ஹலோவின் என்றால் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் ஹலோ சொல்லிப் பழகும் விழா என்று நானே முடிவு செய்துகொண்டேன். கூகுளில் தட்டியிருந்தால் தெரிந்திருக்கும்தான். சந்தேகம் வந்தவள்தானே தட்டுவாள்! என் குழப்பமெல்லாம் போன் பூத்தா, பால் பூத்தா என்பதில் மட்டும். போன் பூத்தை என் மகள் கண்ணால் கண்டதில்லை. எனவே பால் பூத்.

வேறு தீவில், ரங்கத்தில் ரோடு வேலையில் இருந்த என் வீட்டுக்காரர் அன்றைக்குப் போன் செய்தார். அவர் எனக்கு முன்னாலேயே இங்கே வந்து இந்தியில் ஊறியவர்.

"நம்ம பிள்ளைக்குப் பூத் வேஷம் போடுதேங்க."

"பூத்தா? ஜோரு! நல்லா பயமா போடு. பிள்ளைங்க அலறணும்."

"பால் வாங்க வாரவன் எதுக்குங்க அலறணும்?"

அவர் பதில் சொல்வதற்குள் லைன் அறுந்தது. ரங்கத் லைன் எப்போதும் அப்படித்தான். கிண்டல் செய்கிறார் என்று நினைத்து நான் வேலையைப் பார்க்கப் போனேன்.

இந்த ஊரில் அட்டைப்பெட்டிக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. எல்லாச் சாமானும் பெட்டி பெட்டியாகக் கப்பலில்தானே வருகிறது. தெருமுனைக் கடையில் வாஷிங் மெஷின் வந்த பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, தலையில் சுமந்து வந்தேன். பழைய புடவைக் கரையைக் கிழித்துத் தோள்பட்டை தைத்தேன். முன்பக்கம் முகம் தெரிய ஒரு ஜன்னல் வெட்டி, கீழே அட்டையால் சின்னதாக ஒரு மேடை வைத்தேன். நீலச் சாயம் பூசி, தமிழில் கொட்டை எழுத்தில் 'பால்' என்று எழுதினேன். காலிப் பால்பவுடர் பாக்கெட்டுகளில் பஞ்சை அடைத்து வரிசையாகத் தொங்கவிட்டேன். எனக்கே என் மேல் பொறாமையாக இருந்தது.

முகத்தை மட்டும் சும்மா விடுவானேன் என்று பசு மாடு வரைய உட்கார்ந்தேன். டால்கம் பவுடரைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து வெள்ளை, கண்மையால் கறுப்புத் திட்டு, மூக்கு நுனிக்கு என் லிப்ஸ்டிக். மகள் கிச்சுகிச்சு தாங்காமல் நெளிந்ததில் கண்ணைச் சுற்றி மை வழிந்து, பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாகிவிட்டது. "சிரிக்காம இருட்டி!" என்று அதட்டிக்கொண்டே நானும் சிரித்தேன். கண்ணாடியைக் காட்டினேன். தன்னைப் பார்த்துத் தானே "ம்மா" என்று கத்தினாள்.

இங்கே அந்த மாதத்தில் ஐந்து மணி தாண்டினால் இருட்டிவிடும். பெட்டி படிக்கட்டு வளைவில் சிக்கி, பக்கவாட்டில் திருப்பி, ஒரு வழியாகக் கீழே இறங்கினோம். இறங்கினால் முற்றம் முழுக்கப் பேய்கள். வெள்ளைப் படுக்கை விரிப்பில் ஒன்று, வாயில் குங்குமம் ஒழுக ஒன்று, கறுப்புச் சட்டையில் சுண்ணாம்பு எலும்பு வரைந்தது ஒன்று.

"யே க்யா ஹை?" என்றாள் தெலுங்கு அக்கா, இது என்னவென்று பெட்டியைச் சுற்றி வந்து.

"பூத்" என்றேன் பெருமையாக.

"பூத்? கிஸ்கா பூத்?"

யாருடைய பூத் என்று கேட்கிறாள். என் இந்தியை மொத்தமாகத் திரட்டி, "பால் கா பூத்!" என்றேன்.

அவள் என் மகளின் சடையைத் தூக்கிப் பார்த்தாள். இந்தியில் பால் என்றால் முடி என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். பிறகு அவள் பேய்களை ஒவ்வொன்றாகக் காட்டி, "யே பூத், யே பூத்" என்று சிரிக்க, எனக்கு விளங்கியது. பூத் என்றால் பேய். ஹலோவின் என்றால் பேய் வேஷம் போடும் விழா. அவள் கணக்கில் நான் முடிப்பேயைக் கூட்டி வந்திருக்கிறேன்.

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அதே சிரிப்பு. ஜன்னலுக்குள் என் மகளின் கண்கள் நிறைந்து, கன்னத்து வெள்ளையில் கோடு இறங்கியது. குனிந்து, "வா, மேல போயிருவோம்" என்றேன்.

அதற்குள் படுக்கை விரிப்புப் பேய் முன்னால் வந்தது. தொங்கிய பாக்கெட்டுகளைத் தொட்டுப் பார்த்து, ஜன்னலுக்குள் தலையை நீட்டிக் கேட்டது.

"தூத் ஹை க்யா?"

பால் இருக்கிறதா என்கிறது. என் மகள் புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். துடைத்த கையைக் கடைக்காரர்கள் மாதிரி அலட்சியமாக வீசி, உரக்கச் சொன்னாள்.

"தூத் நஹி ஹை. ஷிப் நஹி ஆயா!"

பால் இல்லை, கப்பல் வரவில்லை. வெங்காயம் கேட்டாலும் முட்டை கேட்டாலும் இந்த ஊர்க் கடைகளில் எங்களுக்குக் கிடைக்கும் பதில். பாக்கெட்டுகள் கண்முன்னால் தொங்கும்போதே அவள் அதைச் சொன்னதில், பேய்களைவிடப் பெரியவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். தெலுங்கு அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். இந்தச் சிரிப்பு வேறு என்பது என் மகளுக்கும் புரிந்தது. அடுத்த பேய் வந்து தயிர் கேட்டது. "ஷிப் நஹி ஆயா!" எலும்புக்கூடு ஐஸ்கிரீம் கேட்டது. "ஷிப் நஹி ஆயா!" பிறகு பேய்கள் இடித்துத் தள்ளி வரிசை கட்டி நின்றன, இல்லை என்று சொல்லக் கேட்பதற்காகவே.

நான் ஓரமாக நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான்.

மறுநாள் மாலை கீழேயிருந்து நாலைந்து குரல்கள் சேர்ந்து கூப்பிட்டன. "ஏ தூத்வாலி! நீச்சே ஆ!" பால்காரியைக் கீழே வரச் சொல்கிறார்கள். என் மகள் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள். இருட்டி வெகுநேரமாகியும் ஏறி வரவில்லை. பால்கனியிலிருந்து, "சாப்பிட வாட்டி!" என்று கத்தினேன்.

"அபி நஹி, அம்மா!" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

இப்போ வரமாட்டாளாம். அந்த இந்திக்கு எனக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.